பக்கத்து மனையில் முடியாமல் நீளும் மாளிகை வேலை: எங்கள் வீட்டின் விரிசலுக்கு யார் பொறுப்பு?

கேள்வி: என் தந்தை 1992-இல் கட்டிய வீட்டில் வசிக்கிறோம். பக்கத்து மனையில் 2019 முதல் ஒரு பெரிய மாளிகை எழும்பி வருகிறது. கட்டி முடித்த குவிமாட மண்டபத்தை இடித்து மறுபடியும் கட்டினார்கள். நீச்சல்குளத்தை இடம் மாற்றினார்கள். இப்போது எட்டு மாதங்களாக, நிலத்தடியில் கார் நிறுத்துமிடம் அமைப்பதற்காக எங்கள் மதிலை ஒட்டி ஆழமாகத் தோண்டுகிறார்கள். படுக்கையறைச் சுவரில் விரிசல் விட்டிருக்கிறது. இரவு பதினொரு மணிக்கும் இயந்திரச் சத்தம் ஓய்வதில்லை. கேட்டால், 'என் நிலம், என் பணம்' என்கிறார் உரிமையாளர். அவருடைய மேற்பார்வையாளர் ஒரு தொகையைத் தருவதாகவும் அதற்கு ஒரு தாளில் கையெழுத்திட வேண்டும் என்றும் சொல்கிறார். ஒருவர் இத்தனை ஆண்டுகள் வீடு கட்டிக்கொண்டே இருக்கச் சட்டத்தில் இடம் உண்டா? வேலையை முழுவதுமாக நிறுத்த முடியுமா? கையெழுத்திடலாமா?

பதில்: மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாளில் இப்போது கையெழுத்திடாதீர்கள். காரணத்தைப் பின்னால் விளக்குகிறேன்.

தன் வீட்டை இத்தனை ஆண்டுகளுக்குள் முடித்தாக வேண்டும் என்று ஒரு தனிமனிதரைக் கட்டாயப்படுத்தும் உரிமையை அண்டை வீட்டாருக்குச் சட்டம் தரவில்லை. எத்தனை முறை இடித்துக் கட்டினார், எவ்வளவு ஆடம்பரமாகக் கட்டுகிறார் என்பவற்றை நீதிமன்றம் எடைபோடாது. ஆறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தூசியிலும் சத்தத்திலும் வாழும் தங்கள் குடும்பத்துக்கு இது அநியாயமாகத் தோன்றும் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் வழக்கை மாளிகையின் மீது தொடுத்தால் தோற்பீர்கள். அந்த வேலையால் தங்களுக்கு நேர்ந்த ஒவ்வொரு பாதிப்பின் மீதும் தனித்தனியாகத் தொடுத்தால் வெல்லும் வாய்ப்பு நிறையவே இருக்கிறது. அவற்றில் மிகவும் வலுவானதும் மிகவும் அவசரமானதும் மதிலை ஒட்டிய அந்தப் பள்ளம்தான்.

அடுத்தவர் நிலத்தைச் சார்ந்து ஒருவருக்குள்ள உரிமைகளைப் பற்றிய இந்திய வசதியுரிமைகள் சட்டம், 1882-இன் 7-ஆவது பிரிவு, இயற்கையான நிலையில் உள்ள ஒரு நிலத்துக்கு அடுத்த நிலத்தின் மண் தரும் தாங்கலை அந்த நிலத்தின் உரிமையாகவே அங்கீகரிக்கிறது. வீடு கட்டிய பிறகு நிலத்தின் மீது கூடுதல் பாரம் ஏறிவிடுவதால், அந்தப் பாரத்துக்குமான தாங்கலைக் கோர 15-ஆவது பிரிவின்படி இருபது ஆண்டுகள் இடையூறின்றி அதை அனுபவித்திருக்க வேண்டும். தங்கள் வீடு 1992-இல் கட்டப்பட்டதால் அந்தக் காலம் எப்போதோ நிறைவடைந்துவிட்டது. ஆனால் பலரும் கவனிக்கத் தவறும் ஒரு நிபந்தனை இதில் உண்டு. அந்த இருபது ஆண்டுக் காலம், வழக்குத் தொடுக்கும் நாளுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் முடிவதாக இருக்க வேண்டும்; அதாவது, அந்த அனுபவிப்பு அண்மைக்காலம் வரை தொடர்ந்திருக்க வேண்டும். அந்தத் தாங்கலை அனுபவிப்பதைத் தடுக்கும் செயல் தெரிந்த பிறகும் ஓராண்டு பேசாமல் பொறுத்துக்கொண்டால், அதுவே இடையூறாகக் கணக்கில் வந்துவிடும். தோண்டத் தொடங்கி எட்டு மாதங்கள் ஆகிவிட்டன. ஆகவே தங்கள் எதிர்ப்பு எழுத்தில், தேதியுடன், பதிவு வசதியுடன் கூடிய விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) ஒப்புகையோடு இந்த வாரமே சென்றாக வேண்டும். வாய்வார்த்தையாக எத்தனை முறை சண்டை போட்டிருந்தாலும் நீதிமன்றத்தில் அதை நிரூபிப்பது கடினம்.

'தோண்டியது ஒப்பந்ததாரர், அவரைக் கேளுங்கள்' என்று உரிமையாளர் கைகாட்டக்கூடும். அண்டை நிலத்தின் தாங்கலைக் குலைக்கக்கூடிய வேலையைச் செய்விப்பவர், அதை ஒப்பந்ததாரரிடம் ஒப்படைத்துவிட்டதாலேயே தன் பொறுப்பைக் கழற்றிவிட முடியாது என்று 1876-லேயே போவர் எதிர் பீட் என்ற ஆங்கிலேய வழக்கில் தீர்ப்பாகியுள்ளது. அந்த நெறியைச் சுட்டி, உரிமையாளர், ஒப்பந்ததாரர் இருவரையுமே பிரதிவாதிகளாகச் சேர்க்க வேண்டும்.

வழக்குக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை, சான்றைச் சேர்ப்பது. பழைய வீடுகளில் விரிசல் இருப்பது இயல்பு என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் வாதமாக இருக்கும். தகுதி பெற்ற கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைத் தாங்களே அமர்த்தி, ஒவ்வொரு விரிசலின் நீளம், அகலம், திசை ஆகியவற்றை அளந்து, அடித்தள மண் நகர்ந்ததால் ஏற்பட்டதா, பூச்சு சுருங்கியதால் ஏற்பட்டதா என்று அவர் எழுத்தில் கருத்துச் சொல்லும் அறிக்கையைப் பெறுங்கள். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதியிட்டு வைத்தால், அது உடைவதே சுவர் இன்னும் நகர்கிறது என்பதற்குச் சாட்சியாகும். தோண்டுவதற்கு முன் அதே அறையில் எடுத்த குடும்பப் புகைப்படங்களில் சுவர் தெரிந்தால் அவற்றையும் எடுத்து வையுங்கள். என் அனுபவத்தில் இவை பல நேரங்களில் நிபுணர் அறிக்கைக்கு இணையாக உதவியிருக்கின்றன.

பிறகு உரிமையியல் நீதிமன்றத்தில், குறித்தவகை நிவாரணச் சட்டம், 1963-இன் 38, 39 ஆகிய பிரிவுகளின் கீழ் உறுத்துக்கட்டளைகளும் (ஒன்றைச் செய்யக்கூடாது அல்லது செய்தாக வேண்டும் என்று நீதிமன்றம் இடும் ஆணைகள்) இழப்பீடும் கோரி வழக்குத் தாக்கல் செய்யலாம். அதனுடன் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 39, விதிகள் 1, 2 ஆகியவற்றின்படி இடைக்காலத் தடை கோரும் மனுவும், கட்டளை 26, விதி 9-இன்படி நீதிமன்றத்தின் சார்பில் நேரில் பார்த்து அறிக்கை தரும் வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கக் கோரும் மனுவும் செல்ல வேண்டும். பள்ளத்தை மூடிவிட்டால் சான்றும் மூடப்பட்டுவிடும் என்பதால், ஆணையர் பொறியாளருடன் விரைந்து வந்து பார்ப்பது மிகவும் முக்கியம். தடை கோரும்போது மாளிகையின் மொத்த வேலையையும் நிறுத்தச் சொல்லாதீர்கள். மண் சரியாமல் தடுக்கும் தாங்குசுவர் கட்டிப் பாதுகாப்பு உறுதியாகும் வரை மதிலை ஒட்டிய பகுதியில் மட்டும் தோண்டக்கூடாது என்று குறுக்கிக் கேளுங்கள். யாருக்கு அதிகக் கஷ்டம் என்று நீதிபதி ஒப்பிட்டுப் பார்க்கும்போது, அளவாகக் கேட்டவர் பக்கமே தராசு சாயும்.

அடுத்தது அனுமதி. தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம், 1971-இன் 50-ஆவது பிரிவு, திட்ட அனுமதி எவ்வளவு காலம் செல்லும் என்பதை வரையறுக்கிறது. வீட்டுக்கு இல்லாத காலக்கெடு அனுமதிக்கு உண்டு. 2019-இல் பெற்ற அனுமதி நீட்டிக்கப்பட்டதா, நிலத்தடித் தளம் முதல் வரைபடத்தில் இருந்ததா அல்லது அதற்குத் திருத்திய அனுமதி பெற்றார்களா என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேளுங்கள்; 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். கட்டுமானம் நடக்கும் காலம் முழுவதும் அனுமதி பெற்ற வரைபடத்தை அந்த இடத்தில் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் உத்தரவிட்டிருப்பதால், முதலில் வாசலில் அது இருக்கிறதா என்றும் பாருங்கள். அனுமதி இல்லாத வேலை என்று தெரியவந்தால், அதே நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 ஆகிய பிரிவுகளின் கீழ் அகற்றவும் நிறுத்தவும் அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு. மனு கொடுத்தும் அவர்கள் அசையாவிட்டால், அவர்கள் கடமையைச் செய்யுமாறு ஆணையிடும் நீதிப்பேராணையை உயர் நீதிமன்றத்தில் கோரலாம். விதிமீறிய கட்டடத்தை எதிர்க்க அப்பகுதிவாசிக்கு உரிமை உண்டு என்பது, ராமதாஸ் ஷெனாய் வழக்கில் 1974-லேயே உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஒன்று.

இரவுச் சத்தத்துக்கு நீதிமன்றம் வரை போகத் தேவையில்லை. ஒலி மாசு விதிகள், 2000-இன்படி, குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை சத்தம் எழுப்பும் கட்டுமான இயந்திரங்களை இயக்கக்கூடாது. நேரம் தெரியும்படி காணொளி எடுத்து, ஒவ்வொரு முறையும் காவல்துறையில் புகார் செய்து, ரசீதை வாங்கி வையுங்கள். பகல் நேரத் தூசியும் சத்தமும் சற்றுக் கடினமான விஷயம். தக்க கவனத்துடன் நடக்கும் கட்டுமானத்தின் தற்காலிகத் தொல்லையை அண்டையில் இருப்பவர் ஓரளவு பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்பது நீதிமன்றங்களின் நிலைப்பாடு. திரை கட்டாமல், தண்ணீர் தெளிக்காமல் இடித்தார்கள் என்று காட்டினால் மட்டுமே வழக்கின் அந்தப் பகுதி நிற்கும்.

இழப்பீடு கோர மூன்று ஆண்டுகள் அவகாசம் உண்டு. தொடர்ந்து நிகழும் தீங்குக்குக் காலவரையறைச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு புதிது புதிதாக அவகாசம் தருகிறது. எனினும் அதை நம்பித் தாமதிக்க வேண்டாம். தாமதம் இடைக்காலத் தடையைக் கெடுக்கும்.

இனி அந்தத் தாள். 'முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வாசகம் அதில் இருந்தால், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 63-ஆவது பிரிவைக் காட்டி, மீதி உரிமைகளைத் தாங்களே விட்டுக்கொடுத்துவிட்டதாக எதிர்த்தரப்பு வாதிடும். பள்ளம் இன்னும் ஆழமாகிக்கொண்டிருக்கும்போது, முழுச் சேதம் எவ்வளவு என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. சமரசத்துக்கு நான் எதிரானவன் அல்லன். பக்கத்தில் வாழப்போகிறவர்களுக்கு அதுவே நல்லது. ஆனால் அந்த உடன்படிக்கை வேறு விதமாக எழுதப்பட வேண்டும்: தாங்குசுவரை எந்தத் தேதிக்குள் கட்டுவார்கள் என்ற உறுதி, தங்கள் பொறியாளர் உள்ளே வந்து பார்க்கும் உரிமை, இப்போது தரும் பணம் இதுவரை கண்டறிந்த விரிசல்களுக்கு மட்டுமே என்ற தெளிவான வாசகம், வேலை முடிந்து ஒரு மழைக்காலம் கடந்த பின் மறு ஆய்வு. இவற்றுக்கு உரிமையாளரே கையெழுத்திட முன்வந்தால், வழக்குத் தொடுப்பதற்கு முன் அந்த வரைவைத் தங்கள் வழக்கறிஞரிடம் காட்டித் திருத்திப் பெற்றுக்கொண்டு கையெழுத்திடுங்கள்.