கம்பெனி திருப்பிக் கொடுத்த ஃபீஸுக்கு வரிச்சலுகை கேட்கலாமா?

கேள்வி: டாலஸ் பக்கம் வேலை பார்க்கிறேன். வேலையோடு 2024 ஜனவரியிலிருந்து எம்.எஸ். படிக்கிறேன். ஜனவரியில் 5,700 டாலர், ஆகஸ்டில் 5,700 டாலர் ஃபீஸ். கிரேடு வந்த பிறகு கம்பெனி செமஸ்டருக்கு 4,000 திருப்பித் தரும். ஒன்று ஜூனில், இன்னொன்று அடுத்த பிப்ரவரி கடைசியில். காலேஜ் அனுப்பிய 1098-டி-யில் (கட்டிய ஃபீஸைக் காட்டும் வரிப் படிவம்) 11,400 என்று இருந்தது. அதை அப்படியே போட்டு, போன வருடம் பிப்ரவரி முதல் வாரமே 2024 ரிட்டர்ன் ஃபைல் செய்தேன். 2,000 கிரெடிட் (வரியில் நேராகக் கழியும் சலுகை) கிடைத்தது. ஊரில் தம்பியின் வீட்டுக் கடனுக்கு அனுப்பிவிட்டேன். இந்த வருடமும் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது ஆபீஸில் ஒருத்தி, "கம்பெனி பணம் கொடுத்தால் கிரெடிட்டே கிடையாது, மாட்டிக்கொள்வாய்" என்று பயமுறுத்துகிறாள். ஆகஸ்ட் ஃபீஸ் இன்னும் கிரெடிட் கார்டில் நிற்கிறது. கணவரும் நானும் சேர்ந்து ஃபைல் செய்கிறோம். வருமானம் 1,48,000 டாலர். என்ன செய்ய?

பதில்: தோழி சொன்னது பாதி சரி. நீங்கள் செய்தது முழுத் தவறு. ஆனால் திருத்த முடியாத தவறில்லை.

நீங்கள் எடுத்தது லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட்; ஃபீஸில் 10,000 டாலர் வரை 20 சதவீதம் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். விட்டுப்போனது ஒன்றுதான்: வரி இல்லாமல் கைக்கு வந்த பணத்தால் கட்டிய ஃபீஸுக்கு, மறுபடியும் வரிச்சலுகை கேட்க முடியாது. கம்பெனி தருவதில் காலண்டர் வருடத்துக்கு முதல் 5,250 டாலருக்கு வரி இல்லை. (1986-ல் வைத்த வரம்பு இது. 2026 வரை அப்படியேதான். விலைவாசிக்கேற்ப ஏறுவது அதற்குப் பிறகு.) அதற்கு மேல் தருவது டபிள்யூ-2 (கம்பெனி தரும் வருடச் சம்பளப் படிவம்) பெட்டி 1-ல் சம்பளமாக ஏறிவிடும். சம்பளமாக ஏறி வரி கட்டிய பணம் உங்கள் சொந்தப் பணம்தான். அதில் கட்டிய ஃபீஸுக்குக் கிரெடிட் உண்டு. தோழிக்குத் தெரியாத பாதி இது.

1098-டி-யை நம்பி ஏமாறுகிறவர்கள் நிறைய. கம்பெனி உங்கள் கையில் திருப்பிக் கொடுத்தது காலேஜுக்குத் தெரியாது. அதனால் பெட்டி 1-ல் 11,400 முழுசாக நிற்கும், ஸ்காலர்ஷிப்புக்கான பெட்டி 5 காலியாக இருக்கும். வரி இல்லாத 5,250 டபிள்யூ-2 பெட்டி 1-லும் வராது. 'கம்பெனி உதவி கிடைத்ததா?' என்று சாஃப்ட்வேர் ஒரு கேள்வி கேட்கும். அதைத் தாண்டிப் போனால் அது 2,000 என்று பளிச்சென்று காட்டும். எங்கேயும் பதிவாகவில்லை என்று நினைத்துவிடாதீர்கள், கம்பெனி பேரோலில் ஒவ்வொரு டாலருக்கும் கணக்கு இருக்கிறது.

இனி உங்கள் கணக்கு. வரம்பு பார்ப்பது பணம் கைக்கு வந்த வருடத்தை வைத்து. ஃபீஸில் கழிப்பது ஃபீஸ் கட்டிய வருடத்தை வைத்து. குழப்பம் முழுவதும் இங்கேதான்.

2024-ல் கட்டியது 11,400. அதற்காக 2024 ஜூனில் 4,000 வந்தது. அந்த வருடம் வந்தது அவ்வளவுதான், வரி இல்லை. 2025 பிப்ரவரியில் வந்த 4,000, 2025 வரம்பின் முதல் பணம். அதற்கும் வரி இல்லை. ஆக 2024 ஃபீஸில் 8,000 கழிகிறது, மிச்சம் 3,400. கிரெடிட் 680. நீங்கள் எடுத்தது 2,000. அதிகம் 1,320.

2025-ல் கட்டியதும் 11,400. ஆனால் 2025 ஜூனில் 4,000 வந்தபோது வரம்பில் 1,250தான் மிச்சம் இருந்தது. மீதி 2,750 சம்பளமாக ஏறியிருக்கும்; ஜூன் பே ஸ்டப்பை எடுத்துப் பாருங்கள். இந்தப் பிப்ரவரி கடைசியில் வரப்போகும் 4,000, 2026 வரம்பில் வரும், வரி இல்லை. ஆக 2025 ஃபீஸில் கழிவது 1,250-ம் 4,000-மாக 5,250. மிச்சம் 6,150, கிரெடிட் 1,230. அதே படிப்பு, அதே ஃபீஸ்; ஒரு வருடம் 680, மறுவருடம் 1,230. கைக்காசு 3,400தான் போனது என்று இந்த வருடமும் 680 மட்டும் கேட்டால், 550 டாலரை நீங்களே விட்டுக்கொடுத்தது ஆகும்.

போன வருடத்து 1,320-ஐ இரண்டாகப் பிரித்துத் திருத்த வேண்டும். ஜூன் பணம் நீங்கள் ஃபைல் செய்வதற்கு முன்பே வந்துவிட்டது. அதைக் கழிக்காதது பிழை. 7,400-க்கு 1,480 கிரெடிட் என்று 1040-எக்ஸ் (ரிட்டர்னைத் திருத்தும் படிவம்) போட்டு, 520 டாலர் கட்டுங்கள். வட்டி நாற்பது டாலரைத் தாண்டாது. வரித்துறை கேட்பதற்கு முன் நீங்களே திருத்தினால் 20 சதவீத அபராதம் வராது. நோட்டீஸ் வந்த பிறகு போய் நின்றால் அந்தச் சலுகை இல்லை. டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லாததால் இன்னொரு ரிட்டர்னைத் திருத்தும் வேலை மிச்சம்.

பிப்ரவரி கடைசியில் வந்த 4,000 நீங்கள் ஃபைல் செய்த பிறகு வந்தது. அதற்காக 2024 ரிட்டர்னைத் தொட வேண்டாம். அதற்கு எடுத்த 800 டாலர் கிரெடிட்டை 2025 ரிட்டர்னில் வரியோடு கூட்ட வேண்டும்: படிவம் 1040, லைன் 16, பக்கத்தில் ஆங்கிலத்தில் இ.சி.ஆர். (எஜுகேஷன் கிரெடிட் ரீகேப்சர், அதாவது எடுத்த கிரெடிட்டைத் திருப்பிக் கட்டுவது) என்றும் தொகையும். சென்னைக்காரர்களுக்கு மறக்காத எழுத்துகள்.

மொத்தமாகப் பாருங்கள். இந்த வருடம் கிரெடிட் 1,230. திருப்பிக் கட்டுவது 800-ம் 520-மாக 1,320. கையிலிருந்து 90 டாலர் போகிறது. தம்பிக்குச் சொல்லியிருப்பது 2,000.

உங்களைக் கெடுப்பது படிவம் இல்லை, அந்த வாக்குத்தான். பணம் வருவதற்கு முன்பே கொடுப்பதாகச் சொல்லிவிடுகிறீர்கள். அதற்காகப் பிப்ரவரி முதல் வாரமே ஃபைல் செய்கிறீர்கள். கம்பெனி பணம் மூன்று வாரம் கழித்து வருகிறது, கணக்கு கோணலாகிறது. 2,000 ஊருக்குப் போனதால் ஆகஸ்டில் ஃபீஸுக்குக் கையில் இருப்பதில்லை, கார்டைத் தேய்க்கிறீர்கள். 24 சதவீத வட்டி என்று வையுங்கள்: 5,700-க்கு மாதம் 114, பிப்ரவரி வரை ஆறு மாதத்துக்கு 680-ஐ ஒட்டி வரும். 2024-க்கு உங்களுக்கு நியாயமாகக் கிடைத்த மொத்தக் கிரெடிட்டும் 680தான்! தம்பிக்கு உதவ வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. மாதச் சம்பளத்தில் நூறோ நூற்றைம்பதோ முடிந்ததை அனுப்புங்கள். வரிக் கிரெடிட்டை ஈ.எம்.ஐ.க்கு ஈடு வைக்காதீர்கள். இந்த வாரமே போன் செய்து, இந்தத் தடவை பணம் இல்லை என்று சொல்லிவிடுங்கள். ஏப்ரலில் சொல்வதைவிட இப்போது சொல்வது அவருக்கும் நல்லது.

2025 ரிட்டர்னுக்கு ஏப்ரல் 15 வரை நேரம் இருக்கிறது. 4,000 அக்கவுண்டில் விழுந்த பிறகு ஃபைல் செய்யுங்கள்; எல்லாக் கழிவும் ஒரே ரிட்டர்னில் முடிந்துவிடும், அடுத்த வருடம் இ.சி.ஆர். தொல்லை இல்லை. கிரெடிட் கேட்கும் படிவம் 8863-ல் லைன் 31-ல் போட வேண்டியது 6,150, 11,400 இல்லை. கடன் வாங்கிக் கட்டிய ஃபீஸும் கணக்கில் சேரும், கார்டு வட்டி சேராது. கடையில் வாங்கிய புத்தகமும் இந்தக் கிரெடிட்டுக்குச் சேராது.

எச்.ஆர்.-இடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். படிப்பு இப்போதைய வேலைத் திறனை வளர்ப்பதாக இருந்து, அந்த வேலைக்கான குறைந்தபட்சத் தகுதியாகவோ புதுத் தொழிலுக்கு நுழைவாகவோ இல்லாவிட்டால், 5,250-க்கு மேல் தருவதையும் வரி இல்லாமல் தர சட்டத்தில் இடம் இருக்கிறது. உங்கள் 2,750-க்கு வருமான வரி 22 சதவீதம், சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் 7.65 சதவீதம், சேர்த்துச் சுமார் 815 பிடித்திருப்பார்கள். அது மிச்சமானால் கிரெடிட்டில் 550 குறையும். நிகர லாபம் 265. பெரிய தொகை இல்லை, ஒரு மெயிலுக்கு மோசமும் இல்லை.

சேர்ந்து ஃபைல் செய்பவர்களுக்கு 1,60,000-க்கு மேல் இந்தக் கிரெடிட் தேயத் தொடங்கும். 1,70,000-ல் பாதி, 1,80,000-ல் பூஜ்யம். யாருக்காவது ஆர்.எஸ்.யூ. (கம்பெனி சம்பளத்தோடு தரும் பங்கு) வெஸ்ட் ஆகி கைக்கு வரப்போகிறது என்றால் அதையும் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கார்டு பாக்கி தீரும்வரை, ரீஃபண்ட் பணத்தை ஐ.யு.எல். பாலிசியில் (பங்குச்சந்தைக் குறியீட்டை ஒட்டிய ஆயுள் காப்பீடு) போடச் சொல்லி வீட்டுக்கு வரும் நண்பர்களுக்குக் காபி மட்டும் கொடுத்து அனுப்புங்கள். 24 சதவீதக் கடனை வைத்துக்கொண்டு, முதல் பல வருடம் சரண்டர் சார்ஜ் பிடிக்கிற பாலிசி எதற்கு? வரும் ஆகஸ்டில் கார்டுக்குப் பதில் காலேஜின் தவணைத் திட்டத்தைக் கேளுங்கள். பல இடங்களில் செமஸ்டருக்குச் சின்னக் கட்டணம்தான், வட்டி இல்லை.

டிசம்பரில் ஜனவரி ஃபீஸை முன்கூட்டிக் கட்டலாமே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அந்தப் பணம் கட்டிய வருடத்துக் கணக்கில் ஏறிவிடும். அந்த வருடம் 17,100 ஆகும். மூன்று செமஸ்டருக்கும் வரி இல்லாமல் வருவது 1,250, 4,000, 1,250 என்று 6,500; அது போக 10,600. கிரெடிட் 10,000-க்குத்தான். 600-க்கு உரிய 120 டாலர் எந்த வருடத்துக்கும் இல்லாமல் போகும்.