ஃபரூக்காபாத்திலிருந்து ஹூஸ்டன் வரை: பல்கலைக்கழகத் தலைமைக்குப் போகும் பாதை – கேள்வி பதில்

உத்தரப் பிரதேசத்தில் பிறந்த ரேணு கட்டோர் 2008 ஜனவரியில் அமெரிக்காவின் ஹூஸ்டன் பல்கலைக்கழகத் தலைவராகப் பொறுப்பேற்றார். அவரைப் போன்ற பெண்கள் அந்த நாற்காலிக்கு எப்படிப் போய்ச் சேர்கிறார்கள் என்று வாசகர்கள் கேட்டவை இவை. பதில் சொல்பவர், பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பல்கலைக்கழக நிர்வாகத்தில் இருந்து ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியை.

கல்லூரி மாணவி, விருத்தாசலம்: ரேணு கட்டோர் யார், அம்மா? எங்கள் கல்லூரியில் யாருக்குமே தெரியவில்லை.

1955இல் ஃபரூக்காபாத்தில் பிறந்தவர். கான்பூர் பல்கலைக்கழகத்தில் இளங்கலை முடித்தார். மேலே படிக்க ஆசை இருந்தது. ஆனால் பதினெட்டு வயதில் வீட்டில் திருமணத்தைப் பேசி முடித்துவிட்டார்கள். மாப்பிள்ளை அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பொறியியல் ஆய்வு மாணவர். படிப்பு அத்தோடு போயிற்று என்றுதான் நினைத்ததாக ரேணு பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

போகவில்லை. அதே பர்டியூவில் அரசியல் அறிவியல் முதுகலையில் சேர்ந்து 1975இல் பட்டம் வாங்கினார். தொலைக்காட்சியின் நகைச்சுவைத் தொடர்களைப் பார்த்தே ஆங்கிலம் பழகினாராம். முனைவர் பட்டம் 1985இல். இரண்டு பட்டங்களுக்கும் நடுவே பத்து ஆண்டுகள் இருப்பதைக் கவனியுங்கள். பாராட்டுக் கட்டுரைகள் அந்தப் பத்து ஆண்டுகளை அரை வரியில் தாண்டிவிடும். "படிப்பில் இடைவெளி விழுந்துவிட்டது, இனி யார் எடுப்பார்கள்?" என்று விண்ணப்பமே போடாமல் இருக்கும் பெண்களுக்கு நான் முதலில் காட்டுவது 1975, 1985 என்ற அந்த இரண்டு தேதிகளைத்தான்.

பிறகு தென் புளோரிடா பல்கலைக்கழகம். சுற்றுச்சூழல் கொள்கையில் ஆய்வு, துறைத் தலைமை, டீன், 2003இல் புரவோஸ்ட். புரவோஸ்ட் என்பது தலைவருக்கு அடுத்த பதவி. பாடத்திட்டம், ஆசிரியர் நியமனம், கல்விச் செலவு எல்லாம் அந்த மேசைக்குத்தான் வரும். அங்கிருந்து ஹூஸ்டன். உள்ளூர்க்காரர்கள் 'கூகர் ஹை' என்று, ஏதோ உயர்நிலைப் பள்ளியைச் சொல்வதுபோல் கேலி செய்துவந்த இடம் அது. 2011இல், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைத் தரம் பிரிக்கும் கார்னகி வகைப்பாட்டின் மிக உயர்ந்த ஆய்வுப் பிரிவில் இடம் பிடித்தது. 2020இல் மருத்துவக் கல்லூரி திறந்தது. நன்கொடை திரட்டலில் நூறு கோடி டாலரைத் தாண்டியது.

உதவிப் பேராசிரியை, திருச்சி: ஆய்வுக் கட்டுரைகள் நிறைய வெளியிட்டிருக்கிறேன். நல்லாசிரியர் என்றும் பெயர் வாங்கியிருக்கிறேன். இவை போதுமா?

போதாது. உங்களைப் பேராசிரியர் ஆக்குவதற்கு இவை உதவும். அதற்கு மேல் உதவாது.

தலைமைப் பதவிக்கான தேர்வுக் குழுவில் உட்கார்ந்தால் கட்டுரைப் பட்டியலை முதல் நாளே பார்த்து ஓரமாக வைத்துவிடுவோம். வந்திருக்கும் எல்லோரிடமும் அது இருக்கும். அதன்பின் கேட்பதெல்லாம் வேறு. எவ்வளவு பெரிய நிதிநிலை அறிக்கையைக் கையாண்டிருக்கிறீர்கள்? மாணவர் சேர்க்கை சரிந்த ஒரு பாடப்பிரிவை மூடினீர்களா, காப்பாற்றினீர்களா? மூடியிருந்தால் அங்கிருந்த ஆசிரியர்களை என்ன செய்தீர்கள்? நண்பர் ஒருவருக்குப் பதவி உயர்வு இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னது உண்டா? இந்தக் கேள்விகளுக்குப் பதில், யாரும் விரும்பி எடுக்காத வேலைகளில்தான் கிடைக்கும்: கால அட்டவணை, அங்கீகாரக் குழு வருகைக்கான கோப்புகள், விடுதிப் பிரச்சினை, ஊழியர் குறைதீர்ப்பு.

இதில் பெண்களுக்கு ஒரு கண்ணி இருக்கிறது. வேலை நிறையவும் அதிகாரம் குறைவாகவும் உள்ள குழுக்களை நம்மிடம் தள்ளிவிடுவார்கள். ஆண்டு விழாக் குழு, வரவேற்புக் குழு, கோலப் போட்டி. பணத்தில் கையெழுத்துப் போடும் குழு எது என்று பார்த்து அதில் இடம் கேளுங்கள். வரவேற்புக் குழுவுக்கு "இந்த ஆண்டு இயலாது" என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள், ஒன்றும் ஆகாது.

முறையான பயிற்சியும் உண்டு. அமெரிக்கக் கல்விக் கழகம் 1965 முதல் ஒரு திட்டம் நடத்துகிறது. தேர்வாகிறவர் இன்னொரு பல்கலைக்கழகத்துக்குப் போய் அங்கே தலைவரின் பக்கத்திலேயே இருந்து முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்று பார்க்கலாம். பிரிட்டனில் பெண்களுக்கென்றே 'அரோரா' என்ற திட்டம் 2013 முதல் இருக்கிறது. நம் ஊரில் இதற்கு இணையாக நான் கண்டது, ஓய்வு பெறப்போகும் பதிவாளரின் அறையில் உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேட்பதுதான். அதுவும் மோசமில்லை.

இல்லத்தரசி, முன்பு விரிவுரையாளர், கோவை: கட்டோருக்குக் கணவர் துணை நின்றார். எல்லோருக்கும் அப்படிப்பட்ட கணவர் வாய்க்குமா?

இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன். 'நல்ல கணவர் வாய்த்தார்' என்று முடித்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. சுரேஷ் கட்டோர் தென் புளோரிடாவிலும் பேராசிரியர், ஹூஸ்டனிலும் பொறியியல் கல்லூரியில் பேராசிரியர். மனைவி ஊர் மாறியபோது அவருக்கும் அங்கே தகுதியான வேலை இருந்தது. அவருடைய நல்ல மனத்தை நான் குறைக்கவில்லை. ஆனால் நல்ல மனத்தை மட்டும் நம்பி இரண்டு பேரின் வேலையை நகர்த்த முடியாது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பல இதற்கென்று ஏற்பாடு வைத்திருக்கின்றன. உங்களை எடுக்க விரும்பினால் உங்கள் துணைக்கும் அதே வளாகத்தில் இடம் தேடித் தருவார்கள். அதைக் கேட்பதற்கு ஒரு நேரம் உண்டு. நேர்காணலில் கேட்காதீர்கள். பணி வாய்ப்புக் கடிதம் கைக்கு வந்த பிறகு, கையெழுத்திடுவதற்கு முன் கேளுங்கள். அந்த இடைப்பட்ட நாட்களில் உங்களுக்கு இருக்கும் பேரம் பேசும் வலிமை அதற்கு முன்பும் இருக்காது, பின்பும் இருக்காது. வீடு, ஆய்வகம், பள்ளிக் கட்டணம் எல்லாமும் அப்போதுதான்.

துணை வர மறுத்தால்? மறுத்த குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன். வார இறுதி விமானங்களில் காலம் தள்ளினார்கள். சிலர் பதவியை விட்டார்கள், சிலர் மண வாழ்க்கையை விட்டார்கள். எது சரி என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆசிரியை, தேனி: எனக்கு நாற்பத்தெட்டு வயது. காலம் கடந்துவிட்டதா?

கட்டோர் ஹூஸ்டனில் பொறுப்பேற்றபோது அவருக்கு 52 வயது. அயர்லாந்துப் பெண்ணான லூயிஸ் ரிச்சர்ட்சன் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத் தலைவரானபோது 50. விண்ணப்பியுங்கள்.

ஆய்வு மாணவர், யாழ்ப்பாணம்: வேந்தர், துணைவேந்தர், தலைவர் என்று ஒவ்வொரு நாட்டிலும் ஒரு பெயர். உண்மையில் நடத்துவது யார்?

பிரிட்டனில் வேந்தர் அலங்காரப் பதவி. பட்டமளிப்பு விழாவில் தலைமை தாங்குவார். நடத்துவது துணைவேந்தர். இந்தியாவிலும் இலங்கையிலும் நடத்துபவர் துணைவேந்தர்தான், ஆனால் தமிழ்நாட்டில் வேந்தரான ஆளுநர் அலங்காரமாக மட்டும் இருப்பதில்லை என்பது செய்தித்தாள் படிப்பவர்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் பெரும்பாலும் தலைவர். ஹூஸ்டனில் பல வளாகங்கள் கொண்ட அமைப்புக்கு வேந்தரும் முதன்மை வளாகத்துக்குத் தலைவரும் ஒரே ஆள். இரண்டு தொப்பியும் கட்டோர் தலையில்.

விரிவுரையாளர், சேலம்: வெளியூர்ப் பெண்ணை நம்பித் தலைமையை ஒப்படைப்பார்களா? பாகுபாடு இல்லையா?

ஒப்படைப்பார்கள். பாகுபாடும் இருக்கும். இரண்டும் ஒரே நாளில் நடக்கும்.

லூயிஸ் ரிச்சர்ட்சனையே எடுத்துக்கொள்ளுங்கள். அயர்லாந்தின் டிரமோர் என்ற கடலோர ஊரில், ஏழு குழந்தைகள் உள்ள வீட்டில் பிறந்தவர். டப்ளினில் வரலாறு, பிறகு அமெரிக்கா, ஹார்வர்டில் முனைவர் பட்டம், அங்கேயே ஆசிரியர் பணி, பயங்கரவாதம் பற்றிய ஆய்வு. ராட்கிளிஃப் ஆய்வு நிறுவனத்தில் நிர்வாக டீன். 2009இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ். அந்த ஊரின் புகழ்பெற்ற கோல்ஃப் மன்றம் பல்கலைக்கழகத் தலைவருக்குக் கௌரவ உறுப்பினர் பதவி தருவது வழக்கம். இவருக்குத் தரவில்லை, மன்றத்தில் பெண்களுக்கு இடமில்லை. உறுப்பினர் பதவியில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கொடையாளர்கள் வந்து உட்காரும் இடம் அது. நன்கொடை பேச வேண்டிய தலைவருக்கு அந்தக் கதவு மூடியிருந்தது. 2014 செப்டம்பரில் மன்றம் வாக்கெடுத்து விதியை மாற்றியது. அடுத்த ஆண்டு ரிச்சர்ட்சன் கௌரவ உறுப்பினரானார். 2016இல் ஆக்ஸ்ஃபோர்டின் முதல் பெண் துணைவேந்தர்.

வெளியிலிருந்து வருவதில் ஆதாயமும் உண்டு. உள்ளே இருக்கும் எந்தக் கோஷ்டிக்கும் நீங்கள் கடன்பட்டவர் அல்லர். பிரிட்டன் பெண்ணான ஆலிசன் ரிச்சர்ட் யேல் பல்கலைக்கழகத்தில் புரவோஸ்ட்டாக இருந்துவிட்டுத்தான் 2003இல் கேம்பிரிட்ஜ் துணைவேந்தரானார். மடகாஸ்கர் காடுகளில் லீமர் என்னும் குரங்கு போன்ற விலங்குகளை ஆராய்ந்தவர் அவர். பேராசிரியர் கூட்டங்களை நடத்த அது நல்ல முன்பயிற்சி என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஒரு பேராசிரியர், ஊர் வேண்டாம் என்றார்: சிபாரிசு இல்லாமல் நடக்குமா?

அங்கே சிபாரிசு வேறு உருவத்தில் இருக்கிறது. பல்கலைக்கழகம் ஒரு தேடல் நிறுவனத்தை அமர்த்தும். அந்த நிறுவனம் நூற்றுக்கணக்கானோரிடம் தொலைபேசியில் "யார் பொருத்தமானவர்?" என்று கேட்கும். உங்கள் பெயர் அந்த உரையாடல்களில் வர வேண்டும். ஆகவே மாநாடுகளில் உரையாற்றிவிட்டு அறைக்குப் போய்ப் படுத்துவிடாதீர்கள். இரவு உணவுக்கு உட்காருங்கள். டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் இறுதித் தேர்வாளரின் பெயரை, நியமனத்துக்கு 21 நாட்கள் முன்பே பொதுவில் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலும் ஒரே பெயரைத்தான் அறிவிப்பார்கள். மற்றவர்களின் பெயர் வெளியே வராது.

இங்கே துணைவேந்தர் பதவிக்குத் தேடுதல் குழு பெயர்ப் பட்டியல் கொடுக்கும். 2018ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிப்படி, பேராசிரியராகப் பத்து ஆண்டுகளோ, ஆய்வு அல்லது கல்வி நிர்வாக நிறுவனத்தில் அதற்கு இணையான அனுபவமோ வேண்டும். அந்த விதியின் நோக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் மினூஷ் ஷஃபிக் போன்ற ஒருவர் அதைத் தாண்டுவது கடினம்: எகிப்தில் பிறந்து, உலக வங்கி, பிரிட்டன் அரசு, பன்னாட்டு நிதியம், இங்கிலாந்து வங்கி என்று போய், 2017இல் லண்டன் பொருளாதாரப் பள்ளிக்கு இயக்குநரானவர்.

பத்திரிகையாளர், சென்னை: அந்த ஷஃபிக்தானே அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஓராண்டு சற்றே தாண்டியதும் விலகினார்? பெண்களை உட்காரவைத்து உடனே தள்ளிவிடுகிறார்களா?

அவரேதான். 2023 ஜூலையில் கொலம்பியாவின் முதல் பெண் தலைவராகப் பொறுப்பேற்றார். காஸா போரையொட்டிய மாணவர் போராட்டங்களும் காவல்துறையை வளாகத்துக்குள் அழைத்ததும் பெரிய சர்ச்சையாகி, 2024 ஆகஸ்டில் விலகினார். அதற்கு முன்பே, 2023 டிசம்பரில், வளாகங்களில் யூத வெறுப்பு பற்றிய விசாரணைக்காக அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் மூன்று பெண் பல்கலைக்கழகத் தலைவர்கள் நின்றார்கள். சில நாட்களிலேயே பென்சில்வேனியாவின் லிஸ் மகில் போனார். ஜனவரியில் ஹார்வர்டின் கிளாடின் கே போனார். எம்.ஐ.டி.யின் சாலி கார்ன்புளூத் நிலைத்தார்.

பெண் என்பதால் மட்டுமே போனார்கள் என்று சொன்னால் அது பாதி உண்மை. அதே 2023இல் ஸ்டான்ஃபோர்டின் ஆண் தலைவர் தம் பழைய ஆய்வுக் கட்டுரைகளின் குறைகளால் பதவி விலகினார். கே விஷயத்திலும் கட்டுரைகளில் மேற்கோள் குறித்த குற்றச்சாட்டு சேர்ந்துகொண்டது. ஆனால் நிறுவனம் இக்கட்டில் இருக்கும்போதுதான் பெண்களுக்குத் தலைமை கிடைக்கிறது என்று எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இலேயே எழுதினார்கள். என் அனுபவத்தில் நிலைப்பதும் விழுவதும் பெரும்பாலும் ஆட்சிக்குழுவைப் பொறுத்தது. எம்.ஐ.டி. ஆட்சிக்குழு தன் தலைவருக்கு உடனே, பகிரங்கமாக ஆதரவு தெரிவித்தது. பதவியை ஏற்பதற்கு முன் ஆட்சிக்குழுத் தலைவருடன் தனியாகப் பேசி, "பத்திரிகைகள் என்னைத் திட்டும் வாரத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுவிட வேண்டும். பதில் மழுப்பலாக இருந்தால் சம்பளத்தைப் பார்த்து மயங்காதீர்கள்.

பொறியியல் மாணவி, செங்கல்பட்டு: சென்னையிலிருந்து வெளியே போய்த் தலைமை ஏற்றவர் யாராவது?

பிரீத்தி அகலயம். சென்னை ஐஐடியில் வேதிப்பொறியியல், மாசசூசெட்ஸில் முனைவர் பட்டம், எம்.ஐ.டி.யில் ஆய்வு, மும்பை ஐஐடி, மீண்டும் சென்னை. 2023இல் தான்சானியாவின் சான்சிபாரில், சென்னை ஐஐடியின் வெளிநாட்டு வளாகத்துக்குப் பொறுப்பேற்றார். ஐஐடி இயக்குநர் பொறுப்புக்கு வந்த முதல் பெண். வெளியே போய்ப் படித்து, ஊர் திரும்பி, மறுபடி வெளியே போன பாதை இது. அமெரிக்காவிலேயே தங்கினால்தான் உண்டு என்று நினைப்பவர்கள் பார்க்க வேண்டியது.

தந்தை, தூத்துக்குடி: மகள் கல்லூரியில் வேலை பார்க்கிறாள். சொந்தச் செலவில் வெளிநாடு அனுப்ப வசதி இல்லை.

சொந்தச் செலவு வேண்டாம், ஐயா. முனைவர் பட்டம் முடித்திருந்தால் ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அதை நடத்தும் அமெரிக்க–இந்தியக் கல்வி அறக்கட்டளையின் அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. பட்டம் முடிக்கவில்லை என்றால் பிரிட்டனின் காமன்வெல்த் உதவித்தொகை. இரண்டுக்கும், பரிந்துரைக் கடிதம் எழுதுபவர் உங்கள் மகளின் வேலையை நேரில் பார்த்தவராக இருக்கட்டும். 'ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி' என்று நான்கு வரி எழுதித் தரும் பெரிய மனிதர் வேண்டாம். கல்லூரி நிர்வாகம் விடுப்புத் தருமா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள்.