அடுத்தாள் எங்கே? தொழில் தொடர்ச்சி வேலை பற்றிச் சில கேள்விகள், பதில்கள்

சென்னையில் பதினேழு வருஷம் 'பிசினஸ் கன்டின்யூட்டி' என்று போர்டு மாட்டிய அறைக்குள் உட்கார்ந்திருந்தவன் நான். வெள்ளமோ கம்ப்யூட்டர் கோளாறோ எது வந்தாலும் தொழில் நின்றுபோகாமல் இருக்க முன்கூட்டியே திட்டம் போட்டுவைக்கும் வேலை அது. மூன்று வருஷமாகக் காரைக்குடி செக்காலைப் பக்கம் வாசம். வேலை தேடும் பிள்ளைகளும் தொழில் நடத்துகிறவர்களும் கேட்டதையெல்லாம் சேர்த்துவைத்து ஒரே மூச்சில் பதில் எழுதியிருக்கிறேன். கேட்டவர்களின் பெயர் வேண்டாம், ஊர் மட்டும் போதும்.

தேவகோட்டை, பி.காம். முடித்தவர்: ஒரு விளம்பரத்தில் 'பிசினஸ் கன்டின்யூட்டி கோஆர்டினேட்டர்' என்று போட்டிருக்கிறார்கள். என்ன வேலை சார் அது? வெள்ளம் வந்தால் நான்தான் போய்க் காப்பாற்ற வேண்டுமா?

யாரையும் காப்பாற்ற வேண்டியதில்லை தம்பி. கல்யாண வீட்டில் ஒரு மாமா இருப்பார், பார்த்திருப்பீர்கள். சமைக்க மாட்டார், மாலை கட்ட மாட்டார், மேளமும் அடிக்க மாட்டார். கையில் ஒரு நோட்டு. நாலு மணிக்குச் சமையல்காரர் வரவில்லை என்றால் அடுத்து யாருக்குப் போன் போடுவது என்று அந்த நோட்டில் இருக்கும். அந்த மாமாதான் நீங்கள்.

சாதாரண நாளில் ஒவ்வொரு துறையிலும் போய் உட்கார்ந்து, எந்த வேலை நின்றால் எவ்வளவு நேரத்தில் வலிக்கும் என்று கேட்டு எழுதுவீர்கள். திட்டத்தைப் புதுப்பிப்பீர்கள், போன் நம்பர்களைச் சரிபார்ப்பீர்கள், வருஷத்துக்கு ஒன்றிரண்டு ஒத்திகை நடத்துவீர்கள். சம்பவம் நடக்கிற நாளில் முடிவெடுப்பது நெருக்கடிக் குழு. அதாவது பெரிய தலைகள். அவர்களை ஒரே இடத்திலோ ஒரே போன் அழைப்பிலோ கூட்டுவதும், எத்தனை மணிக்கு யார் என்ன சொன்னார்கள் என்று குறித்துக்கொண்டே வருவதும் உங்கள் வேலை. அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் ஒரு வாரம் கழித்து 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்று நாலு பேர் கிளம்புவார்கள்.

பெரிய கம்பெனிகளில் மேலே ஒரு மேனேஜர், துறைக்கு ஒரு கோஆர்டினேட்டர் என்று இருக்கும். துறைக் கோஆர்டினேட்டருக்குச் சம்பளம் தரும் வேலை வேறாக இருக்கும், இது அதன் மேல் ஏற்றிவைத்த சுமை. விளம்பரத்தில் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பள்ளத்தூர், வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பெண்: என்னைத் துறைக் கோஆர்டினேட்டராகப் போட்டுவிட்டார்கள். பாதிப்பு ஆய்வுப் படிவம் அனுப்பினேன். எல்லாரும் எல்லா வேலைக்கும் 'மிக முக்கியம்' என்று டிக் அடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன செய்ய?

'உங்கள் வேலை முக்கியமா?' என்று கேட்டால் யாராவது 'இல்லை' என்பார்களா அம்மா? அடுத்த மாதமே ஆள் குறைப்பில் பெயர் வந்துவிடும் என்று பயப்படுவார்கள். எந்த வேலை நின்றால் எப்போது, எவ்வளவு வலிக்கும் என்று பார்க்கிற, பி.ஐ.ஏ. என்கிற அந்த ஆய்வைப் படிவத்தில் செய்யாதீர்கள், நேரில் கேளுங்கள். வீடியோவில் கேட்டாலும் சரி.

நான் கேட்கும் முறை இது: 'நாளைக் காலை ஒன்பது மணிக்கு உங்கள் வேலை நின்றுவிட்டது. மதியத்துக்குள் முதலில் யார் போன் பண்ணித் திட்டுவார்? சாயங்காலம் யார்? மூன்றாம் நாள் யார்?' மதியத்துக்குள் திட்ட ஆள் இல்லை என்றால் அது மதியத்துக்குள் வேண்டிய வேலை இல்லை, அவ்வளவுதான். அதற்கப்புறம் இன்னொன்று கேட்பேன்: 'இதை வேறு யாருக்குச் செய்யத் தெரியும்?' இந்தக் கேள்விக்குப் பதில் வராமல் ஒரு நிமிஷம் மௌனம் நீடித்தால், பலவீனமான இடத்தைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

மாதத்தையும் கேளுங்கள். சம்பளக் கணக்கு ஐந்தாம் தேதி நின்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள். முப்பதாம் தேதி நின்றால் ஆபீஸே கொதிக்கும்.

காரைக்குடி, பெயர் போடாதவர்: ஆர்.டி.ஓ., ஆர்.பி.ஓ. என்கிறார்களே?

முதலாவது லைசென்ஸ் எடுக்கும் ஆபீஸ் இல்லை. நின்ற வேலையை எத்தனை நேரத்துக்குள் திரும்ப ஓடவைப்பது என்று நாம் வைத்துக்கொள்ளும் இலக்கு ஆர்.டி.ஓ. எத்தனை நேரத்துக் கணக்கு தொலைந்தால் தாங்க முடியும் என்பது ஆர்.பி.ஓ. இதற்கு மேல் போனால் தொழிலே பிழைக்காது என்கிற எல்லைக்கு எம்.டி.பி.டி. என்று பெயர். ஆர்.டி.ஓ. அந்த எல்லைக்குள்ளேயே இருக்க வேண்டும். எல்லையைத் தாண்டி இலக்கு எழுதிய திட்டங்களையும் பார்த்திருக்கிறேன்.

கோட்டையூர், பலகாரம் போட்டு அனுப்பும் ஆச்சி: என் பேரன் இதைப் படிக்கிறேன் என்கிறான். எங்களிடம் கம்ப்யூட்டர்கூட இல்லை. எங்களைப் போன்றவர்களுக்கு இதில் ஏதாவது உண்டா தம்பி?

உங்களுக்குத்தான் ஆச்சி நிறைய உண்டு. நீங்கள் சொன்னதை வைத்தே போட்டுப் பார்க்கிறேன். தேன்குழல், சீப்புச் சீடை, மனகோலம். சிலிண்டர் ஏஜென்சி ஒன்று, எண்ணெய்க் கடை ஒன்று, மாவுப் பதம் பார்க்கும் கை ஒன்று, ஆர்டர் முழுவதும் வாட்ஸ்அப்பில், அந்த வாட்ஸ்அப் உங்கள் மருமகளின் ஒரே போனில்.

இதில் எது நின்றால் வலி அதிகம்? சிலிண்டர் தீர்ந்தால் பக்கத்து வீட்டில் கடன் வாங்கலாம். எண்ணெய் இன்னொரு கடையில் கிடைக்கும். பதம் பார்க்கும் அந்த அம்மா ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டால்? அது அரை நாளில் தெரிந்துவிடும், தேன்குழல் முறியும். அவருக்குப் பக்கத்தில் இன்னொருவரை வாரம் ஒருநாள் உட்காரவையுங்கள். வேடிக்கை பார்க்க இல்லை, அவரே பிசைய வேண்டும். எங்கள் தொழிலில் இதற்குக் 'கிராஸ் டிரெயினிங்' என்று பெயர் வைத்துப் பணம் வாங்குகிறோம்.

அப்புறம் அந்தப் போன். தண்ணீரில் விழுந்தால் முந்தாநாள் வந்த ஆர்டர் யார் யாருடையது என்று சொல்ல முடியுமா? ராத்திரி கடையடைக்கும்போது அன்றைய ஆர்டரை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அப்போது ஒரு நாள் கணக்குக்கு மேல் தொலையாது. உங்கள் ஆர்.பி.ஓ. ஒரு நாள், அவ்வளவுதான். ஆடியில் இரண்டு நாள் அடுப்பு அணைந்தால் ஓய்வு என்று எடுத்துக்கொள்ளலாம். ஐப்பசியில் தீபாவளிக்கு முந்தின வாரம் அணைந்தால் அந்த வருஷ லாபம் போய்விடும். பேரனைக் கேளுங்கள், பி.ஐ.ஏ.வில் இந்த இரண்டையும் தனித்தனியாக எழுதுவாயா என்று. எழுதுவேன் என்றால் பையன் தேறிவிடுவான்.

கானாடுகாத்தான், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி: இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த ஃபைல் கலாசாரம். நம் ஊர் வியாபாரிகள் இதெல்லாம் இல்லாமலா கடல் கடந்து தொழில் செய்தார்கள்?

இல்லாமல் செய்யவில்லை ஐயா. பெயர் மட்டும்தான் வேறு. ரங்கூனிலும் பினாங்கிலும் நகரத்தார் வைத்திருந்த பெட்டியடிகளை, அதாவது வட்டிக்கடைகளை, நினைத்துப் பாருங்கள். முதலாளி இங்கே ஊரில். அங்கே மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். மேலாள் காய்ச்சலில் படுத்தால் பெட்டியை யார் திறப்பது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. பதில் அந்தப் பதவியின் பெயரிலேயே இருந்தது. இன்றைக்கு 'டெபுடி', 'ஆல்டர்னேட்' என்று என்னென்னவோ எழுதுகிறோம். 'அடுத்தாள்' என்பதைவிடச் சுருக்கமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. ஐந்தொகை என்கிற இருப்புக் கணக்கை எழுதி ஊருக்கு அனுப்பினார்களே, அதுதான் வெளியூரில் வைத்த பிரதி.

ஆனால் ஐயா, அந்தக் கதையின் பின்பாதியையும் சொல்ல வேண்டும். 1930-களின் மந்தத்தில் கடன் வாங்கியவர்கள் திருப்பிக் கட்ட முடியாமல், கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நான்கில் ஒரு பங்கு நிலம் நகரத்தார் கைக்கு வந்துவிட்டது. அதற்கு முன் நூற்றுக்கு ஆறு பங்குதான். 1942-இல் ஜப்பான் படை வந்தபோது கணக்கு ஊரில் இருந்தது, நிலம் அங்கே இருந்தது. அடுத்தாள் இருந்தும், ஐந்தொகை இருந்தும் பயனில்லை. எவ்வளவு நல்ல திட்டமும் சொத்தையெல்லாம் ஒரே மண்ணில் போட்டதற்கு மருந்தாகாது. அதைச் சொல்லும் தைரியம் கோஆர்டினேட்டருக்கு வேண்டும். கேட்கும் மனசு முதலாளிக்கு வேண்டும், அது என் கையில் இல்லை.

நீங்கள் வங்கிக்காரர் என்பதால் ஒன்று: 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கதவு திறந்தது. ஐந்து வருஷத்தில் அந்த ரங்கூனுக்குத்தான் ஜப்பான் படை வந்தது.

புதுவயல், இன்ஜினீயரிங் கடைசி வருஷம்: எந்த சர்ட்டிபிகேட் எடுத்தால் வேலை கிடைக்கும்?

மூன்று வழி இருக்கிறது. இந்தத் தொழிலுக்குப் பட்டம் கொடுக்கும் அமெரிக்க அமைப்பான டி.ஆர்.ஐ. 1988-இல் தொடங்கியது. அவர்களுடைய சி.பி.சி.பி. பட்டத்துக்குத் தேர்வோடு இரண்டு வருஷத்துக்கு மேல் அனுபவமும் வேண்டும். அனுபவம் இல்லாதவர்களுக்கு அதற்குக் கீழே அசோசியேட் நிலை உண்டு. அதேபோல் இங்கிலாந்தின் அமைப்பான பி.சி.ஐ. 1994-இல் வந்தது. அதன் சி.பி.சி.ஐ. தேர்வை நேரடியாக எழுதலாம். மூன்றாவது, தொழில் தொடர்ச்சிக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 22301. 2012-இல் வந்து 2019-இல் திருத்தப்பட்டது. அதன் லீட் ஆடிட்டர், லீட் இம்ப்ளிமென்டர் வகுப்புகள் பெரும்பாலும் ஐந்து நாள்.

என் அபிப்பிராயம்: கையிலிருக்கும் காசை முதல் வருஷமே இதில் கொட்டாதீர்கள். வேலைக்குச் சேர்ந்தபின் கம்பெனியே கட்டச் சொல்லுங்கள். அதுவரை தெரிந்த மெடிக்கல் ஷாப்போ அச்சகமோ ஒன்றுக்குப் பத்துப் பக்கத்தில் ஒரு திட்டம் எழுதி, ஒருநாள் சாயங்காலம் அவர்களை உட்காரவைத்து ஒத்திகை நடத்துங்கள். இன்டர்வியூவில் 'ஒத்திகையில் என்ன தப்பாகப் போனது?' என்று கேட்பேன். சர்ட்டிபிகேட் மட்டும் வைத்திருப்பவர் 'எல்லாம் சரியாகப் போனது' என்பார். அவரை எடுக்க மாட்டேன்.

காரைக்குடி, கம்ப்யூட்டர் சென்டர் நடத்துபவர்: எல்லாவற்றையும் க்ளவுடில் பேக்கப் எடுத்துவிட்டால் முடிந்தது இல்லையா?

டேட்டாவுக்கு முடிந்தது, தொழிலுக்கு முடியவில்லை. 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கிறதா? ஒரு பாதுகாப்பு மென்பொருளின் தவறான அப்டேட்டில் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றன. டேட்டா அழிந்தது அங்கே பிரச்சினை இல்லை, திறந்து பார்க்க முடியாததுதான் பிரச்சினை. ஐதராபாத் விமான நிலையத்தில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கையால் எழுத வெற்று அட்டையும், எழுதத் தெரிந்த ஆளும் இருந்தால்தானே அதுவும் நடக்கும்? உங்கள் சென்டரில் அச்சடித்த ரசீதுப் புத்தகம் ஒன்று இருக்கிறதா, பாருங்கள்.

வங்கிகளுக்கு முக்கியமான சிஸ்டங்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது மாற்று இடத்திலிருந்து ஓட்டிப் பார்க்கும்படி ரிசர்வ் வங்கியின் உத்தரவே இருக்கிறது. பேக்கப் எடுத்ததோடு விடாமல், அதிலிருந்து திரும்ப எடுத்துப் பாருங்கள்.

ஆத்தங்குடி, டைல்ஸ் பட்டறை: மழை பெய்தால் காய வைக்க முடியாது. அதற்குத் திட்டம் உண்டா?

மழை உங்களுக்குப் புதிது இல்லை, அதைச் சமாளிக்க என்னைவிட உங்களுக்குத் தெரியும். நான் பயப்படுவது அச்சுக்கு. கண்ணாடி மேல் வைத்துக் கலர் ஊற்றுகிறீர்களே, அந்த உலோக அச்சு. தாத்தா காலத்து டிசைன் அச்சு ஒன்று நசுங்கினால் திரும்பச் செய்ய அளவு எங்கே இருக்கிறது? ஒவ்வொன்றையும் ஸ்கேலோடு சேர்த்துப் போட்டோ எடுத்து, வெளியூரில் இருக்கும் மகளுக்கோ தம்பிக்கோ அனுப்பிவையுங்கள். இன்றைக்கே செய்யலாம், செலவும் இல்லை.

தேவகோட்டை, முதலில் கேட்டவரே மீண்டும்: நீங்கள் செய்த தப்பு எதையாவது சொல்லுங்கள் சார்.

2015 டிசம்பர், சென்னை வெள்ளம். நான் அப்போது இருந்த கம்பெனியில் 140 பக்கத் திட்டம். நானே எழுதியது, ஆடிட்டில் பாராட்டு வேறு. ஜெனரேட்டர் பேஸ்மென்டில். மாற்று ஆபீஸ் ஒன்பது கிலோமீட்டரில், அதே தண்ணீர் அங்கேயும். அச்சடித்த பிரதி பேஸ்மென்ட் பீரோவில் நனைந்துகொண்டிருந்தது. இதையெல்லாம்கூட மன்னிக்கலாம். திட்டத்தில் 'முக்கியப் பணியாளர்கள் 22 பேர் மாற்று இடத்துக்கு வருவார்கள்' என்று ஒரு வரி இருந்தது. போன் போட்டேன், லைன் கிடைத்தது பாதிப் பேருக்குத்தான். ஒருவர் மொட்டை மாடியிலிருந்து பேசினார். அம்மாவைத் தோளில் தூக்கி ஏற்றியதாகச் சொல்லிவிட்டு, 'சொல்லுங்க சார், எங்க வரணும்?' என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை.

அந்த 22 பேருக்கும் வீடு இருக்கிறது என்பதே என் திட்டத்தில் இல்லை. அதற்கப்புறம் எந்தத் திட்டம் எழுதினாலும், ஆட்களில் பாதிப் பேர் வர முடியாது என்று வைத்துத்தான் கணக்குப் போடுகிறேன். ஒரு பகுதி வேலையை வேறு ஊருக்குப் பிரித்துவைக்கச் சொல்கிறேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அந்தப் பழக்கம் கைகொடுத்தது.

காரைக்குடி, சிறு மருத்துவமனை நிர்வாகி: 2018-இல் கஜா அடித்தபோது புதுக்கோட்டைப் பக்கம் நாள் கணக்கில் கரண்ட் இல்லை, டவரும் இல்லை. இங்கே அப்படி வந்தால் தாங்க மாட்டோம். பெரிய திட்டமெல்லாம் எழுத நேரம் இல்லை. நாளைக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

ஒரு மணி நேரம் தாராளம் அம்மா. முதல் இருபது நிமிஷம்: ஜெனரேட்டருக்கு எத்தனை லிட்டர் டீசல் இருக்கிறது, மணிக்கு எவ்வளவு குடிக்கிறது என்று ஆபரேட்டரைக் கேட்டு, எத்தனை மணி நேரம் ஓடும் என்று சுவரில் எழுதுங்கள். அந்த அறைச் சாவி யாரிடம், அவர் லீவில் போனால் யாரிடம் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். ஆக்சிஜன் சிலிண்டர் கொடுப்பவரின் நம்பரும், இரண்டாவது சப்ளையரின் நம்பரும் அதே சுவரில். டவர் போனால் போனும் இல்லை, ஆகவே நர்ஸ்கள், டாக்டர்களில் யார் வீட்டுக்கு யார் டூவீலரில் போய்ச் சொல்வது என்றும் தெருப் பெயரோடு எழுதிவிடுங்கள்.

மிச்ச நாற்பது நிமிஷம் போன் ஒத்திகை. முன்கூட்டிச் சொல்லாதீர்கள். உங்கள் பட்டியலில் இருக்கும் எல்லாருக்கும் ராத்திரி எட்டு மணிக்கு மேல் போன் போடுங்கள். பகலில் எல்லாரும் எடுப்பார்கள், அதில் ஒன்றும் தெரியாது. 'இது ஒத்திகை, எத்தனை நிமிஷத்தில் வர முடியும்?' என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எடுக்காதவர், நம்பர் மாற்றியவர், வேலையை விட்டே போனவர் என்று மூன்று கோடு போட்டு எண்ணிப்பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை நான் ஊரில்தான் இருப்பேன், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வாருங்கள்.