Re: டபுள்ஸில் ஷட்டில் பட்டு பவர் கண்ணாடி உடைந்தது – லென்ஸா, முகக்கவசமா?

வணக்கம் நண்பரே. பேட்மிண்டன் டபுள்ஸில் ஷட்டில் பட்டு பவர் கண்ணாடி உடைந்து புருவத்தில் தையல் போட்டதைச் சொல்லி, இனி கான்டாக்ட் லென்ஸா முகக்கவசமா என்று கேட்டிருந்தீர்கள். தையல் ஆறிவிடும். ஆனால் அந்தக் கண்ணில் மின்னல் வெட்டுவது போலவோ கரும்புள்ளிகள் மிதப்பது போலவோ தெரிந்தால், இன்றே கண் மருத்துவரைப் பாருங்கள். மைனஸ் பவர் உள்ளவர்களுக்கு விழித்திரை விலகும் வாய்ப்பு சற்று அதிகம்.

கான்டாக்ட் லென்ஸ் பார்வைக்கு உதவும், அடியைத் தடுக்காது. ஷட்டிலின் கார்க் முனை 25 முதல் 28 மில்லிமீட்டர் அகலம்தான், கண்குழிக்குள் நேராகப் புகுந்துவிடும். 2023இல் இந்திய வீரர் சாத்விக்சாய்ராஜ் ஓங்கி அடித்த ஸ்மாஷ் மணிக்கு 565 கி.மீ. என்று கின்னஸில் பதிவானது. நம் கிளப் ஆட்கள் அதில் கால்வாசி வேகத்தில் அடித்தாலும் நெட் அருகே நிற்பவருக்கு இமைக்க நேரமில்லை. (கூட்டாளி சர்வ் போட்டதும் திரும்பிப் பார்க்கும் பழக்கம் உண்டா? முதலில் அதை விடுங்கள்.)

முழு முகக்கவசம் வேண்டாம், மேலே வரும் ஷட்டிலைப் பார்க்க இடைஞ்சல். எளிதில் உடையாத பாலிகார்பனேட் பிளாஸ்டிக் லென்ஸ் போட்ட விளையாட்டுக் கண்ணாடி போதும். ஏஎஸ்டிஎம் எஃப்3164 என்ற குறியீடு உள்ளதா பாருங்கள், மட்டையால் ஆடும் (ராக்கெட்) ஆட்டங்களின் கண் பாதுகாப்புக்கான தரம் அது. உங்கள் பவரையே அதில் போட்டுத் தருவார்கள். லென்ஸ் நடுவில் 3 மில்லிமீட்டர் தடிமன் கேளுங்கள். லென்ஸ் இல்லாத வெறும் சட்டத்தை மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

வியர்வையில் ஆவி படியும்தான். பக்கவாட்டில் காற்றுத்துளை உள்ளதை எடுங்கள், நெற்றியில் ஒரு பட்டை கட்டிக்கொள்ளுங்கள்.