கிளைவ் கட்டிய வீடு

கேள்வி: நம் கடலூர் தேவனாம்பட்டினம் செயின்ட் டேவிட் கோட்டையில் இருந்த ராபர்ட் கிளைவ், ஊருக்குத் திரும்பிப் பெரிய மாளிகை கட்டினாராமே, அது இப்போது யாரிடம் இருக்கிறது? – வாசகி, மஞ்சக்குப்பம்

பதில்: இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் இருக்கிறது, பெயர் கிளேர்மாண்ட். முதலில் வான்ப்ரா என்ற கட்டடக் கலைஞர் தனக்காகக் கட்டிய சின்ன வீடு, அப்புறம் நியூகாசில் பிரபு வாங்கிப் பெரிதாக்கினார். 1768-ல் அவர் இறந்த பிறகு கிளைவ் வாங்கி, பள்ளத்தில் ஈரமாக இருக்கிறது என்று பழைய வீட்டையே இடித்துவிட்டு மேட்டில் புதிதாகக் கட்டினார். பெரும்பாலும் வங்காளத்தில் அள்ளிய பணம், அதைச் சொல்லாமல் இந்த வீட்டைப் பற்றிப் பேச எனக்கு மனம் வராது. 1774-ல் கிளைவ் இறந்துவிட்டார், வீடு கை மாறிக்கொண்டே இருந்தது. 1816-ல் பிரிட்டிஷ் இளவரசி சார்லட்டுக்குத் திருமணமானபோது அவருக்காக வாங்கினார்கள், பாவம், அடுத்த வருஷமே, 21 வயதில், பிரசவத்தோடு அங்கேயே இறந்துபோனார்.

எனக்கு இன்னமும் ஆச்சரியம் 1848-தான். பதவி இழந்து தப்பி வந்த பிரெஞ்சு மன்னர் லூயி பிலிப்புக்கு அடைக்கலம் கிடைத்தது இந்த வீட்டில், 1850-ல் இறந்ததும் இங்கேதான். 1758-ல் ஆங்கிலேயரிடமிருந்து நம் கோட்டையைப் பிடித்து இடித்தது தளபதி லாலியின் பிரெஞ்சுப் படை என்பதை நினைத்துப் பாருங்கள்!

இப்போது அது பள்ளிக்கூடம். தோட்டம் மட்டும் பாரம்பரிய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பின் பராமரிப்பில் இருக்கிறது, யாரும் போய்ப் பார்க்கலாம்.