பழைய டைவிங் ரெகுலேட்டர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பழைய இரும்புக் கடையில் எடைக்கு எடை வாங்கினேன். டிபன் தட்டு அகலத்தில் உருண்டையான பித்தளைப் பெட்டி, இருபுறமும் மடிப்பு மடிப்பாக ரப்பர் குழாய். ரப்பர் தொட்டாலே உதிர்கிறது. இது தேறுமா?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: கையில் இருப்பது இரட்டைக் குழாய் ரெகுலேட்டர்; சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுக்குத் தரும் டைவிங் கருவி. பெட்டி முதுகில் சிலிண்டர் மேல் உட்காரும். வலது தோள் வழியாக வரும் குழாயில் காற்று வாய்க்கு வரும்; விட்ட மூச்சு இடது குழாயில் திரும்ப முதுகுக்கே போகும். சுற்று வழியாகத் தெரிந்தாலும் காரணம் உண்டு. 1943இல் பிரான்ஸில் கடற்படை அதிகாரி கூஸ்தோவும் பொறியாளர் எமில் கான்யானும் முதல் கருவியை மார்ன் ஆற்றில் சோதித்தபோது, நிமிர்ந்தால் காற்று தானாகக் கொட்டியது. வெளியேற்றும் வால்வும் டயாப்ரமும் (மூச்சிழுத்தால் அசைந்து காற்றைத் திறந்துவிடும் மெல்லிய ரப்பர் தகடு) வேறு வேறு ஆழத்தில் இருந்ததுதான் கோளாறு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் சரியாயிற்று.

உதிரும் ரப்பருக்காகக் கவலைப்பட வேண்டாம். குழாய், மவுத்பீஸ், டயாப்ரம் எல்லாம் வெளிநாட்டில் இன்றும் புதிதாக வார்த்து விற்கிறார்கள். பெட்டியின் விளிம்பைப் பாருங்கள். டயாப்ரம் அங்கேதான் உட்காருகிறது. விளிம்பு நெளிந்திருந்தால் தண்ணீர் கசியும், தட்டி நேராக்குவதும் லேசில் நடக்காது. அடுத்து, காற்று நுழையும் இடத்தில் இருக்கும் சிறு உலோக வடிகட்டி. பச்சையாக இருந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. செம்பழுப்பு என்றால் சிலிண்டர் துரு, கருப்பு என்றால் கம்ப்ரசர் எண்ணெய் அல்லது கரித்தூள். பெயர்ப்பட்டையையும் வரிசை எண்ணையும் தேய்க்காதீர்கள். சேகரிப்பவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

கேள்வி: நண்பர் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். அல்ட்ராசோனிக் தொட்டி, பஃபிங் சக்கரம், முலாம் எல்லாம் அங்கேயே இருக்கிறது. ரெகுலேட்டரைக் கொடுத்துவிடலாமா?
– வாசகர், சிவதாபுரம்

பதில்: தொட்டி உதவும், மற்றதில் கவனம். முதலில் ரப்பர், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் கழற்றி, சோப்புப் போட்ட வெந்நீரில் கழுவுங்கள். பிறகு வெள்ளை வினிகர் ஒரு பங்கு, வெந்நீர் ஒரு பங்கு. பித்தளைப் பாகத்தை ஐந்து நிமிடம் போட்டு எடுத்துப் பாருங்கள். களிம்பு இருந்தால் இன்னொரு ஐந்து நிமிடம். ராத்திரி முழுக்க ஊறப்போட்டால், குரோம் உரிந்த இடங்களில் அமிலம் பித்தளையிலுள்ள துத்தநாகத்தைத் தின்று, இளஞ்சிவப்பாகச் செம்பு மட்டும் மிஞ்சும். அலுமினியப் பாகத்தை வினிகரிலேயே போடக்கூடாது. எடுத்ததும், ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்ப சோடா கலந்து அலசுங்கள். கடைசி அலசலுக்கு போர்வெல் தண்ணீர் ஆகாது. காய்ந்ததும் ஓ-ரிங் (கசிவை அடைக்கும் ரப்பர் வளையம்) பள்ளத்தில் வெள்ளைப் படிவு நிற்கும், அதன் வழியே காற்று கசியும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள்.

பட்டறைத் தொட்டியில் ஏற்கெனவே பாலிஷ் மாவும் வெள்ளித் துகளும் இருக்கும். பாகத்தை உங்கள் கரைசலோடு ஒரு கண்ணாடிக் குவளையில் போட்டு, குவளையைத் தொட்டித் தண்ணீரில் நிறுத்தினால் போதும். ஆனால் வெள்ளி முலாம் பூசும் இடத்தருகே வினிகரைக் கொண்டுபோகவே வேண்டாம். அந்தக் கரைசலில் சயனைடு இருக்கும். அமிலம் பட்டால் ஆளைக் கொல்லும் வாயு கிளம்பும்.

பெட்டியின் வெளிப்புறத்தை மட்டும் பஃப் செய்யலாம். முதல்நிலை (சிலிண்டரின் உயர் அழுத்தத்தை முதலில் குறைக்கும் பகுதி) உடம்புக்குப் புதுக் குரோம் வேண்டாம் என்பது எங்கள் கருத்து. முலாம் மரையிலும் பிஸ்டன் துளையிலும் படிந்து அளவு மாறிவிடும். கீறல் விழுந்த பழைய குரோமுக்கு அதன் அழகு உண்டு.

கேள்வி: ஒற்றைக் குழாய் ரெகுலேட்டர், ஸ்கூபாப்ரோ நிறுவனத்தின் மார்க் 5 மாடல். சிலிண்டரைத் திறந்து ஒரு நிமிடம் கழித்து வாயில் வைக்கும் பகுதி சீறத் தொடங்குகிறது. அதில் சீட்டை (வால்வு அழுந்தி அடைக்கும் துண்டை) மாற்றியும் நிற்கவில்லை.
– வாசகர், சூரமங்கலம்

பதில்: தாமதமாகச் சீறுவதே துப்பு. பெரும்பாலும் நோய் முதல்நிலையில். வாயில் வைக்கும் பகுதியான இரண்டாம் நிலை, பாதுகாப்பு வால்வு போலத் திறந்துகொள்கிறது. குழாயில் 0 – 20 பார் காட்டும் அழுத்தக் கேஜ் மாட்டிப் பாருங்கள். இந்த மாடலில் இடை அழுத்தம் (முதல்நிலையிலிருந்து குழாய்க்கு வரும் அழுத்தம்) 9.3 முதல் 10 பாருக்குள் வந்து சட்டென்று நிற்க வேண்டும். முள் நிற்காமல் மெல்ல ஏறினால் உயர் அழுத்த சீட் பிடிக்கவில்லை. புது சீட் என்றால் முதல் சில மூச்சுக்குச் சற்று நகர்ந்து பிறகு நிலைக்கும், அது வேறு.

மார்க் 5இல் பிஸ்டன் தண்டின் நுனியே கத்தி விளிம்பு. அது பிளாஸ்டிக் சீட்டில் அழுந்தி அடைக்கிறது. அதே நிறுவனத்தின் மார்க் 2இல் தலைகீழ்: சீட் பிஸ்டனில், விளிம்பு உடம்பில். கடிகாரக்காரர் லென்ஸை வைத்து விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். மயிரிழைப் பள்ளம் இருந்தாலும் எத்தனை சீட் மாற்றினாலும் பயனில்லை. லேத்தில் கொடுத்துச் சீவினால் தண்டு குட்டையாகி அழுத்தம் மாறும். வேறு பிஸ்டன் தேடுங்கள். பல விளிம்புகள் கெடுவது கழற்றும்போது இரும்பு ஸ்க்ரூடிரைவர் பட்டுத்தான். ஓ-ரிங் எடுக்கப் பித்தளை அல்லது பிளாஸ்டிக் ஊசி போதும்.

உடம்பிலுள்ள துளைகளில் குமிழி வந்தால் அது சீட் கோளாறு ஆகாது. பிஸ்டன் தலை அல்லது தண்டு ஓ-ரிங்தான்.

கேள்வி: ஓ-ரிங் ஆட்டோ ஸ்பேர் கடையில் வாங்கலாமா? என்ன கிரீஸ்?
– வாசகர், அம்மாபேட்டை

பதில்: நைட்ரைல் (எண்ணெய் தாங்கும் செயற்கை ரப்பர்) என்று உறுதியானால் வாங்கலாம். குறைந்த அழுத்தக் குழாய் முதல்நிலையில் நுழையும் இடத்துக்கு அளவு எண் 011, இரண்டாம் நிலைப் பக்கம் 010. உயர் அழுத்த 7/16 அங்குல மரைக்கு 012. அங்கே 90 கடினத்தன்மை கேளுங்கள். கிரீஸ் சிலிக்கோன் மட்டும். விரலில் தடவி ஓ-ரிங்கை உருட்டினால் மினுமினுக்க வேண்டும், அப்பிக்கொண்டு தெரியக்கூடாது. வாஸ்லின் பழைய இயற்கை ரப்பரை ஊத வைத்துவிடும்.

இன்னொன்று: பழைய உடம்புகளில் உயர் அழுத்தத் துளையும் 3/8 மரையாகவே இருக்கும். குறைந்த அழுத்தக் குழாய் அதில் அழகாகப் பொருந்தும், சிலிண்டரைத் திறந்ததும் வெடிக்கும். அந்தத் துளைக்கு 7/16 அடாப்டர் போட்டு விடுங்கள்.

கேள்வி: வெல்டிங் ஆக்சிஜன் சிலிண்டரில் மாட்டிச் சோதிக்கலாமா? எங்கள் ஊர் மூடுபனியில் பொருளை எப்படி வைப்பது?
– வாசகர், ஏற்காடு

பதில்: கூடவே கூடாது. உயர் அழுத்த ஆக்சிஜனில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய இடம் தீப்பிடிக்கும். டயர் கடைக் கம்ப்ரசரின் 8 பார் முதல்நிலைக்குப் பற்றாது, எண்ணெயும் வரும். புதுச்சேரியில் டைவிங் கற்றுத் தருபவர்களிடம் சுத்தமான காற்று நிரப்பிய சிலிண்டரில் மாட்டிப் பாருங்கள். பழைய யோக்கை (சிலிண்டர் வால்வில் மாட்டும் பிடியை) 200 பாருக்கு மேல் நிரப்பிய சிலிண்டரில் மாட்டாதீர்கள்.

பனி ஈரம் பித்தளையில் களிம்பு ஏற்றும். மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். ரப்பர் குழாயை மடிக்காமல், டால்கம் பவுடர் தூவி நீளவாக்கில் கிடத்துங்கள். மோட்டார் ஓடும் அறை வேண்டாம்; அங்கே உண்டாகும் ஓசோன் ரப்பரில் வெடிப்பு விடச் செய்யும்.