ஒன்பது நாள் அக்கா

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளை நான்கு வருடமாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. கோத்தகிரிப் பக்கம் ஒரு சிஎஸ்ஐ சபையில் வாலிபர் ஐக்கியத்தில் இருக்கிறேன். வரும் மே மாதம் எங்களில் 14 பேர் இலங்கைக்கு, ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகிறோம். 9 நாள். சிறுவர் ஊழியம்தான் முக்கியம். இங்கே நடத்துகிற விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) மாதிரியே பாட்டு, பொம்மலாட்டம், கைவேலை, கடைசி நாள் பரிசுப் பை. தலைக்கு 45,000 ரூபாய், மொத்தம் 6,30,000. பாதி எங்கள் கைக்காசு, மீதி சபையில் சேர்த்தது.

கமிட்டியில் ஒரு பெரியவர், "இந்தப் பணத்தை அப்படியே அனுப்பினால் அங்கே ஒரு டீச்சருக்குச் சம்பளம் கொடுக்கலாமே, நீங்கள் எதுக்கு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். எங்கள் லீடர், "இது தரிசனம், கணக்கு இல்லை" என்றார். எனக்கு இரண்டு பேர் சொன்னதும் சரியாகவே பட்டது.

இன்னொன்று. என் பாட்டி 1973-இல் சிலோனிலிருந்து வந்தவர். டான்டீ என்கிற அரசு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லைனில்தான் அப்பா வளர்ந்தார். நான் போகிறேன் என்றதும் பாட்டி சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "அங்க போயி எந்த லயத்துல படுப்ப?" என்று மட்டும் கேட்டுவிட்டு டிவி பக்கம் திரும்பிவிட்டார். லயம் என்றால் அங்கே தோட்டத்து வரிசை வீடு. அன்றிலிருந்து எனக்குக் குழப்பம். நான் ஊழியத்துக்குப் போகிறேனா, டூர் போகிறேனா?

எஸ்.,
கோத்தகிரி

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தில் இருக்கும் கேள்விகளில் பாட்டியின் கேள்விதான் உருப்படியானது. அதைக் கடைசியில் பார்ப்போம். முதலில் நான் எந்தப் பக்கத்தில் நின்று பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். நான் ஊழியத்துக்குப் போனவன் இல்லை. ஊழியம் செய்யப்பட்டவன்.

எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வரை இதே மலையில் ஒரு விடுதியில் இருந்தேன். எந்த விடுதி என்பது இப்போது வேண்டாம். வருஷா வருஷம் ஜனவரியில் வெளிநாட்டிலிருந்து ஒரு வாலிபர் குழு வரும். பத்துப் பன்னிரண்டு பேர், இரண்டு வாரம். அவர்கள் வருவதற்கு முந்தின நாள் வார்டன் எங்கள் மெரூன் ஸ்வெட்டர்களை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, முழங்கையில் ஓட்டை விழுந்த பழசை எடுத்துக் கொடுப்பார். மெரூன் ஸ்வெட்டர் யார் கொடுத்தது? போன வருஷம் வந்த குழு. ஜனவரியில் இங்கே காலையில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும், உங்களுக்குத் தெரியாததில்லை. அந்தக் குளிரில் வரிசையாக நின்று பாடுவோம்.

மூன்றாவது வருஷத்துக்குள் நான் தேறிவிட்டேன். வேனிலிருந்து இறங்கும்போதே யார் கழுத்தில் கேமரா தொங்குகிறது என்று பார்த்து வைத்துக்கொள்வேன். அவர் கையைப் பிடித்தால் காலி பிலிம் டப்பா கிடைக்கும். கறுப்பு டப்பா, சாம்பல் நிற மூடி, அழுத்தினால் டப்பென்று மூடிக்கொள்ளும். கோலிக்குண்டு போட்டு வைக்க அதைப்போல ஒன்று கிடையாது. என்னிடம் 11 டப்பா இருந்தது, விடுதியிலேயே பெரிய ஆஸ்தி. குழு கிளம்புகிற அன்று அழவும் தெரியும், எவ்வளவு அழுதால் என்ன கிடைக்கும் என்றும் தெரியும்.

எனக்கு இரண்டு படுக்கை தள்ளி ஒரு சின்னப் பையன், அந்த வருஷம்தான் சேர்ந்தவன். அவனுக்கு இந்தத் தொழில் தெரியாது. ஓர் அக்காவின் விரலைப் பிடித்தவன் இரண்டு வாரமும் விடவில்லை. வேன் போன பிறகு கேட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான். இருட்டின பிறகு சமையல்கார அம்மா போய்த் தூக்கிக்கொண்டு வந்தார். அடுத்த ஜனவரியில் வேன் சத்தம் கேட்டதும் விறகுக் கொட்டகைக்குள் ஒளிந்துகொண்டான். வார்டன் இழுத்து வந்து நிற்க வைத்தார், போட்டோவுக்கு.

அந்த அக்கா நல்லவர். அவருக்கு அந்த இரண்டு வாரமும் நிஜம். ஊருக்குப் போய் அவனுக்காக ஜெபித்துக்கூட இருப்பார். ஆனால் பிரிவதற்கு அவருக்கு ஒரு முறைதான் மனம் தயாராக வேண்டியிருந்தது. அவன் வருஷத்துக்கு ஒரு முறை தயாராக வேண்டும்.

தோட்டத்துப் பிள்ளைகள் அப்பா அம்மாவோடு இருப்பவர்கள், என் விடுதிக் கதை அவர்களுக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் உங்கள் பயணத் திட்டத்தில் எங்கேயாவது 'அநாதை இல்லத்தில் ஒரு நாள்' என்று இருந்தால் யோசிக்காமல் அதை அடித்துவிடுங்கள். கம்போடியாவில் 2005-க்குப் பிறகு ஐந்தாறு வருஷத்தில் இல்லங்களின் எண்ணிக்கை முக்கால் பங்கு கூடியது. அங்கே இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். பார்க்க வருகிறவர்கள் கூடக் கூட, காட்டுவதற்குப் பிள்ளைகள் தேவைப்பட்டார்கள். நவீன அடிமைமுறை பற்றி ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு 2017-இல் கொடுத்த அறிக்கையில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. என் மெரூன் ஸ்வெட்டர் அதற்கெல்லாம் சின்னம்மா பிள்ளை.

சரி, பணம். உங்கள் பெரியவரின் கணக்கை அமெரிக்காவிலேயே போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 1998-இல் மிட்ச் புயல் மத்திய அமெரிக்க நாடான ஹோண்டுராஸைப் புரட்டிப் போட்ட பிறகு, வீடு கட்டிக் கொடுக்க வட அமெரிக்கச் சபைகளிலிருந்து குழு குழுவாகப் போனார்கள். அங்கேயே வாழ்ந்த கர்ட் வெர் பீக் என்ற சமூகவியலாளர் பின்னால் விசாரித்தார். ஒரு வீட்டுக்குச் சுமார் 2,000 டாலர். ஒரு குழு வந்து போகச் சுமார் 30,000 டாலர். வெளிநாட்டுக் குழு கட்டிய வீட்டில் இருந்தவர்களுக்கும் உள்ளூர் அமைப்பு கட்டிய வீட்டில் இருந்தவர்களுக்கும் வாழ்க்கையில் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. போய் வந்தவர்கள் வாழ்க்கையே மாறிவிட்டது என்றார்களாம், காணிக்கைக் கணக்கைப் பார்த்தால் அதுவும் அவ்வளவாக மாறவில்லை.

ஆகவே பெரியவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அவர் சொல்வதை முழுசாக ஏற்கவும் எனக்கு மனசில்லை. பணத்தை அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் அந்த மலையை நாம் தெரிந்துகொள்ளப் போவதே இல்லை. நமக்கும் அதற்கும் ஹோண்டுராஸ் உறவு இல்லை. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டு, அங்கே நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் இருந்த 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். ஒரே லயத்தில் அண்ணன் இந்தியா, தம்பி சிலோன். அப்படி வருகிறவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் இங்கே அரசு தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது. அதுதான் பிறகு டான்டீ ஆனது. உங்கள் பாட்டி தலைமன்னார் வரை வந்த ரயிலுக்கு அந்த மலையில் ஒரு பெயர் உண்டு: அழுகைக் கோச்சி. ஸ்டேஷனில் நின்று கைகாட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத்தான் நீங்கள் விபிஎஸ் நடத்தப் போகிறீர்கள். கடைசி நாள் வேனிலிருந்து தலையை நீட்டிக் கைகாட்டும்போது இது ஞாபகம் இருக்கட்டும். வழியனுப்பி வைக்கிற வேலையை அந்த மலை போதுமான அளவு செய்துவிட்டது.

இன்னொரு விஷயத்தை உங்கள் லீடர் யோசித்திருக்க மாட்டார். எங்களைப் பார்த்து அந்த வெளிநாட்டு வாலிபர்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எங்களுக்குப் புரியவில்லை. இப்போது நினைத்தால் அது எவ்வளவு பெரிய கருணை! உங்களுக்கு அந்த வசதி கிடையாது. "ஐயோ பாவம், இந்தக் குளிர்ல செருப்பில்லாம வந்திருக்கு பாரு" என்று பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாகச் சொன்னாலும் அந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெரியும். பாத்ரூமைப் பற்றி, சாப்பாட்டைப் பற்றி, லயத்துக் கூரைத் தகரத்தைப் பற்றி நீங்கள் பேசுவது எல்லாம் அந்த வீட்டு அம்மாவுக்குப் புரியும். ஏன், அவருடைய தமிழ் உங்களுக்கு முதல் இரண்டு நாள் புரியாமல் போகலாம். அவருக்கு உங்களுடையது டிவி சீரியல் பார்த்தே பழகியிருக்கும்.

1902-இல், பின்னால் பிஷப் ஆன வேதநாயகம் சாமுவேல் அசரியா யாழ்ப்பாணம் போயிருந்தபோது, அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் காசில் நம் தொண்டிப் பக்கம் ஊழியர்களை அனுப்பியிருப்பதைப் பார்த்தார். அந்த உந்துதலில்தான் அடுத்த வருஷம் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. அதாவது இந்தக் கடலில் ஊழியம் அங்கிருந்து இங்கேயும் வந்திருக்கிறது. அதே அசரியா 1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனெரிகளைப் பார்த்து, பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். அரங்கில் பலருக்கு அது பிடிக்கவில்லை. அன்றைக்கு நாம் கேட்கிற இடத்தில் இருந்தோம். இன்றைக்குப் பரிசுப் பை நம் கையில் இருக்கிறது.

போங்கள். ஆனால் சில விஷயங்களை இப்போதே கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். மே மாதம் உங்களுக்கு விடுமுறை, அவர்களுக்கு? இலங்கையில் விடுமுறை பொதுவாக ஏப்ரல் புத்தாண்டை ஒட்டியும் ஆகஸ்டிலும் டிசம்பரிலும் வரும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தித்தான் உங்கள் பொம்மலாட்டத்துக்கு உட்கார வைக்க வேண்டுமென்றால் அது யாருக்கு ஊழியம்? சுற்றுலா விசாவில் போய் இதையெல்லாம் செய்யலாமா என்பதை ஏஜெண்டிடம் கேட்காமல் அவர்களுடைய குடிவரவுத் துறையிடமே எழுதிக் கேளுங்கள். தோட்டத்தில் பெரும்பாலோர் மாரியம்மன் கும்பிடுகிறவர்கள். அப்பா அம்மா கொழுந்து எடுக்கப் போயிருக்கும் நேரத்தில் பிள்ளைகளை மிட்டாய் காட்டிக் கூப்பிட்டு, கடைசியில் 'யாரெல்லாம் இயேசுவை ஏற்றுக்கொள்கிறீர்கள், கையைத் தூக்குங்கள்' என்று கேட்பது எனக்குச் சம்மதமில்லை. நானும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவன்தான். சாயங்காலம் மலையிலிருந்து இறங்கி வரும் அம்மாவிடம் போய், இன்னார் வந்திருக்கிறோம், இன்னது சொல்லித்தரப் போகிறோம், அனுப்புவீர்களா என்று கேளுங்கள். மாட்டேன் என்றால் அவர் கொடுக்கிற தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வாருங்கள்.

எந்தப் பிள்ளையோடும் யாரும் தனியாக ஓர் அறையில் இருக்கக் கூடாது, லீடர் உட்பட. இங்கே சிறுவர் உதவி எண் 1098, அங்கே 1929. 14 பேர் போனிலும் இருக்கட்டும். போட்டோவும் வேண்டாம். காணிக்கை கொடுத்தவர்களுக்குக் காட்ட ஏதாவது வேண்டும் என்றால் மலையைப் படம் எடுத்துக் காட்டுங்கள், நம் மலை மாதிரியே இருக்கிறது என்று சந்தோஷப்படுவார்கள்.

அப்புறம், அந்தச் சபையில் ஏற்கெனவே ஒரு ஞாயிறு பள்ளி டீச்சர் இருப்பார். அநேகமாகப் பெண்ணாக இருப்பார், பகலில் கொழுந்து எடுப்பவராகவும் இருக்கலாம். நீங்கள் கலர் டிஷர்ட்டில் போய் இறங்கி ஒன்பது நாள் கும்மாளம் போட்டுவிட்டு வந்தால், பத்தாவது நாள் அவர் ஒற்றை ஆளாகப் பழைய பாட்டோடு நிற்பார், பிள்ளைகள் அவரைப் பார்த்துக் கொட்டாவி விடும். அவர் முன்னால் நிற்கட்டும். நீங்கள் பாய் விரியுங்கள், பென்சில் சீவிக் கொடுங்கள். பொம்மைகளை அவரிடமே விட்டுவிட்டு வாருங்கள், ஆட்டும் வித்தையோடு. பரிசுப் பையில் என்ன போடுவது, யாருக்கெல்லாம் கொடுப்பது என்பதையும் அவரே முடிவு செய்யட்டும். யாருக்கு எது கொடுத்தால் லயத்தில் சண்டை வரும் என்று அவருக்குத்தான் தெரியும்.

14 பேரும் போகத்தான் வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நான்கு பேர் இந்த வருஷம், அதே நான்கு பேர் அடுத்த வருஷமும் என்றால் அந்த டீச்சருக்கு உங்கள் பெயர் ஞாபகம் இருக்கும். மிச்சப் பணத்துக்குப் பெரியவர் சொன்ன டீச்சர் சம்பளத்தில் ஒரு பங்கு வரும். லீடர் கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

இப்போது பாட்டி. லயத்துக் காம்பரா என்றால் பத்துக்குப் பன்னிரண்டு அடி, பழைய கணக்கு. அதற்குள் அடுப்பும் ஒரு குடும்பமும். 14 பேர் படுக்க அங்கே இடம் கிடையாது, நீங்கள் டவுனில் ரூம் போடுவீர்கள், காலையில் வேனில் ஏறி வந்து சாயங்காலம் இறங்கிவிடுவீர்கள் என்று அவருக்குத் தெரியும். அதைத்தான் குத்திக் காட்டினாரோ என்று முதலில் நினைத்தேன். திரும்ப வாசித்தபோது வேறு மாதிரி பட்டது. ஒருவேளை அவர் நிஜமாகவே எந்த லயம் என்றுதான் கேட்டிருப்பார். நீங்கள் பதில் சொல்லவில்லை, அவர் டிவி பக்கம் திரும்பிவிட்டார்.

அந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்குக் காகிதத்தில் ஓர் ஆங்கிலப் பெயர் இருக்கும், ஜனங்கள் வாயில் ஒரு தமிழ்ப் பெயர் இருக்கும். பாட்டி சொல்லப்போகிற பெயர் கூகிள் மேப்பில் கிடைக்காது. தோட்டத்தின் பெயர், மேற்பிரிவா கீழ்ப்பிரிவா, பக்கத்தில் என்ன கோயில், கூட இருந்தவர்களில் யார் வராமல் நின்றுவிட்டார்கள் என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். கண்டியில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார், விசாரித்துச் சொல்வார். இன்றைக்கே கேளுங்கள், விளம்பரம் போடுகிற நேரமாகப் பார்த்து.